எத்தனை பேர் போனால் ஒரு பேர் கிடைக்கும்?

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். விடிய ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையில் கொழுந்தெடுத்து, குறித்த கிலோவை மடுவத்தில் நிறுத்துக் கொடுத்தால் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். போகாவிட்டால் ஒன்றுமில்லை. பதுளை மாவட்டத்துப் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாம் சந்தித்த தாயிடம், மகனை எவ்வளவு காலமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்று கேட்டோம். அவர் ஆண்டுக் கணக்கும் சொல்லவில்லை, மாதக் கணக்கும் சொல்லவில்லை. "இவனுக்காக இதுவரைக்கும் பதினேழு பேர் போயிருச்சுங்க" என்றார்.

மகனுக்கு ஏழு வயது நெருங்குகிறது. நான்கைந்து சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. கூப்பிட்டால் சில வேளை திரும்பிப் பார்ப்பான், சில வேளை பார்க்க மாட்டான். தோட்டத்துப் பாடசாலையில் பெயர் பதிந்திருக்கிறார்கள். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறான், மழை நாளில் அதுவும் இல்லை. அவனுக்கு என்ன என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அதாவது, பதினேழு பேர் போயும் அவனுடைய நிலைக்கு ஒரு பேர் கிடைக்கவில்லை.

அந்தத் தாயிடம் பதுளை டவுனில் வாங்கிய துணிக்கடைப் பை ஒன்று இருக்கிறது. அவன் சம்பந்தப்பட்ட எல்லாக் காகிதமும் அதற்குள். நமக்காக ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பினார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய துண்டுகள், ஒரு காதுப் பரிசோதனைக்கான திகதி, அதை வெட்டி எழுதிய இன்னொரு திகதி, தைலப் போத்தலின் லேபல் ஒன்று. அடியில் பிளாஸ்ரிக் உறை போட்ட கிளினிக் கொப்பி. இலங்கையில் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் சுகாதாரத் துறை கொடுக்கும் கொப்பிதான். நிறையும் உயரமும் ஏறும் கோடுகள், போட்ட தடுப்பூசிகள், எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்ற அட்டவணை எல்லாம் அதில் உண்டு. இரண்டு வயதுக்கான இடத்தில், பேச்சைப் பற்றிய வரிக்கு நேரே, மருத்துவமாது நீலப் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

இந்தத் தலையங்கம் அந்தக் கேள்விக்குறியைப் பற்றியது. லயத்து வாசலுக்கு வந்து, குந்தியிருந்து, பிள்ளையோடு விளையாடிப் பார்த்து, சந்தேகப்பட்டு அந்த மருத்துவமாது அதைப் போட்டார். தன் வேலையை அவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். அன்றைக்கே அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் கழிந்த நாலரை ஆண்டுகளில் அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. காட்டச் சொன்ன இடத்தில் எல்லாம் காட்டினார். ஒரு தடவை காதுப் பரிசோதனை மெஷின் வேலை செய்யவில்லை. ஒரு தடவை பார்க்க வேண்டியவர் லீவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, மண்சரிவில் பாதைகள் மூடுண்டு, இன்னொரு திகதியும் போனது. பாடசாலையில், "றிப்போட் ஒன்று எடுத்துட்டு வாங்கம்மா, அப்புறம் பார்ப்போம்" என்றார்கள். வீட்டில் மாமியார், "இவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று ஆறுதல் சொன்னார். அந்த நாலு வயதும் வந்து போய்விட்டது.

இதற்குத் தாமதம் என்று பெயர் வைத்தால் நாம் மரியாதை காட்டுகிறோம் என்று பொருள். ரயில் தாமதமாகலாம். புயலுக்கு முன், கொழும்புக் கோட்டையிலிருந்து 292 கிலோமீற்றர் ஏறி வந்த உடரட்ட மெனிக்கே பிந்தினாலும் பதுளைக்கு வந்து சேர்ந்தது, இறங்க வேண்டியவர் இறங்கினார். பிள்ளையின் முதல் ஐந்து ஆண்டுகள் அப்படியல்ல. பேச்சும் கேள்வியும் சேர்ந்து வளரும் காலம் அது. அந்தக் காலத்தில் கொடுக்க வேண்டியதைப் பத்து வயதில் கொடுத்தால் பாதிதான் ஏறும். இது எந்த டொக்டருக்கும் தெரியும், பிள்ளைக் காம்பராவில் இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் நாளைக் கடத்துவதை நாம் அநியாயம் என்றே எழுதுகிறோம்.

அநியாயம் என்றால் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும். இந்த விவகாரத்தில் விசித்திரம் அங்கேதான் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் தன் பக்கத்தில் பிழை இல்லை என்று காட்ட ஒரு காகிதம் வைத்திருக்கிறார்.

சட்டத்தைப் பார்ப்போம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, வலது குறைந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் ஒருவருக்குப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றம் போகலாம். நல்லது. ஆனால் அந்தப் பாடசாலை பிள்ளையை மறுத்ததா? இல்லையே. றிப்போட் கொண்டுவரச் சொன்னது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பார்க்க மாட்டோம் என்றதா? அதுவும் இல்லை, அடுத்த திகதி கொடுத்தது. மறுப்பைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, இழுத்தடிப்பைப் பிடிக்க இல்லை. அதனால் யாரும் மறுப்பதில்லை, எல்லோரும் இழுத்தடிக்கிறார்கள். அரசியலமைப்பின் 12(4) ஆம் உறுப்புரையும், பெண்கள், பிள்ளைகள், இயலாமை உள்ளவர்கள் ஆகியோரின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்வதற்குத் தடையில்லை என்றே சொல்கிறது. செய்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. இயலாமை உள்ளவர்களின் உரிமைகள் பற்றி 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயம், எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் கல்வியை உரிமை என்கிறது. அதை உள்நாட்டுச் சட்டமாக்கும் வரைவு மேசை மேசையாக ஏறி இறங்கிய ஆண்டுகளில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பாலர் வகுப்பைத் தாண்டிவிட்டார்கள்.

அதே அரசாங்கம் பெற்றோருக்கு மட்டும் கெடு வைக்க மறக்கவில்லை. ஐந்து வயது முதல் பதினாறு வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியே தீரவேண்டும். முன்பு பதினான்காக இருந்ததை 2016 இல் பதினாறாக உயர்த்தினார்கள். அனுப்பாத வீட்டுக்கு ஆள் வந்து விசாரிக்கலாம், வழக்கும் போடலாம். தாய் ஒரு நாள் பிந்தினால் கேட்க ஆள் உண்டு. அந்த நீலக் கேள்விக்குறிக்கு அரசாங்கம் எத்தனை நாளில் பதில் சொல்லவேண்டும் என்று இந்த நாட்டில் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

இங்கிலாந்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பிள்ளைக்கு விசேட உதவி வேண்டும் என்று விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வாரத்துக்குள் உள்ளூராட்சி சபை இறுதித் திட்டத்தைக் கையில் கொடுத்தாக வேண்டும். அங்கேயும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. 2024 இல் புதிதாக வழங்கிய திட்டங்களில் 46.4 சதவீதமே கெடுவுக்குள் வந்தன. பெற்றோர் கொதிக்கிறார்கள், பத்திரிகைகள் திட்டுகின்றன, பாராளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேட்கிறது. அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல இதை எடுக்கவில்லை. 46.4 என்ற எண்ணை அவர்களால் எழுத முடிகிறதே, அதைப் பாருங்கள். 20 என்ற எண் முதலில் சட்டத்தில் இருந்ததால்தான் இரண்டாவது எண் பிறந்தது. நம்மிடம் முதல் எண்ணே இல்லை. நமது ஊவா மாகாணத்தில் எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், எவ்வளவு காலமாக என்று கேட்டால் துணிக்கடைப் பைகளைத்தான் எண்ண வேண்டும்.

ஆளில்லை என்பார்கள். உண்மைதான், பெரும்பகுதி உண்மை. பேச்சுச் சிகிச்சையாளர்களை உருவாக்கும் பட்டப்படிப்பைக் களனிப் பல்கலைக்கழகம் ராகமை மருத்துவ பீடத்தில் நடத்துகிறது. அங்கே படித்து வெளியேறுபவர்களில் தமிழ் பேசுபவர் மிகக் குறைவு, அவர்களில் மலை ஏறி வருபவர் அதிலும் குறைவு. 2022 நெருக்கடிக்குப் பிறகு டொக்டர்கள் விமானம் ஏறியதையும் நாடு அறியும். இதை நாம் பொய் என்று சொல்லவில்லை.

ஆனால் மொழி விஷயத்தில் ஆளில்லை என்ற சாட்டு பாதி தூரம்தான் வரும். பேசாத பிள்ளையைச் சோதிப்பதற்கு அந்தப் பிள்ளையின் மொழி வேண்டும். கை உடைந்தால் எக்ஸ்ரே எந்த மொழியிலும் ஒன்றுதான். பேச்சு அப்படியல்ல. சிங்களத்தில் கேள்வி, அதை அற்றெண்டன் ஒருவர் பாதித் தமிழில் சொல்ல, தாய் அதை லயத்துத் தமிழில் பிள்ளையிடம் கேட்க, பிள்ளை வாய் திறக்காதிருந்தால் அது எதற்குச் சான்று? அவனுக்குப் பேச்சு வராததற்கா, கேள்வி வராததற்கா? தமிழில் சோதித்தாலும் எந்தத் தமிழ் என்று பார்க்க வேண்டும். படத்தில் கப்பலைக் காட்டி இது என்ன என்று கேட்டால், கடலைக் காணாத பிள்ளை விழிக்கும். கவ்வாத்துக் கத்தியைக் காட்டிக் கேளுங்கள், சொல்லத் தெரிந்த பிள்ளை சொல்லும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தப் பிரகடனம் பெயர்ப் பலகைகளில் நன்றாகவே தெரிகிறது. சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால்தான் அதைக் காணோம்.

இன்னொன்று. அவனுக்கு நிபுணர் வேண்டியிருக்கலாம், வேண்டாமலும் இருக்கலாம். தோட்டங்களில் காதில் சீழ் வடியும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. சுக்குத் தண்ணீரும் சூடு காட்டலும் தாண்டி வைத்தியத்துக்குப் போவதற்குள் காது மந்தமாகி, காது மந்தமான பிள்ளை வகுப்பில் 'மந்தப் பிள்ளை' ஆகிவிடுகிறது. கண் தெரியாமல் கரும்பலகையைப் பார்த்து விழிக்கும் பிள்ளையும் அதே வாங்குக்குத்தான் போகிறது. 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7. உடம்பு தேயும்போது மூளை மட்டும் தனியாக வளர்வதில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2009 இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவருக்கு அது இருப்பதாகக் கண்டது. அந்த ஆய்வு தோட்டங்களில் நடந்ததல்ல. ஆனாலும் லயத்து வாசலில் அது செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போயிருக்கும் என்று நம்ப நியாயமில்லை.

இவ்வளவு வகைப் பிள்ளைகளுக்கும் கடைசி வாங்கு என்ற ஒரே மருந்துதான் கிடைக்கிறது. முன் வாங்குக்கு மாற்ற என்ன றிப்போட் வேண்டும்? முகத்தைப் பார்த்துப் பேச, பக்கத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை இருத்த, ஒரு சொல்லுக்கு ஒரு படம் காட்ட, எந்த நிபுணர் கையொப்பம் வேண்டும்? 'றிப்போட் வந்தால் பார்ப்போம்' என்ற அந்த வசனத்தை நாம் மன்னிக்கத் தயாராக இல்லை. ஆளில்லாத ஆஸ்பத்திரிக்குக் காரணம் உண்டு. ஆளிருக்கும் வகுப்பறை ஆளில்லாத ஆஸ்பத்திரியைக் காட்டித் தன் கதவைச் சாத்துவதற்குக் காரணம் இல்லை. அந்த ஆசிரியரை மட்டும் பழித்து ஒதுங்கவும் நாம் விரும்பவில்லை. 6000 ரூபா மாதக் கொடுப்பனவில் ஆசிரிய உதவியாளராகத் தொழில் தொடங்கியவர்கள் தோட்டப் பாடசாலைகளில் நிறையப் பேர். விசேட கல்வி பற்றி யாரும் உட்கார வைத்து அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியவர்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் வலயக் கல்விப் பணிமனைகளில் இருக்கிறார்கள்.

கம்பனிகள் எங்கே என்று கேட்பீர்கள். 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம், தோட்டத்தில் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புச் சொல்லிக்கொடுப்பது தோட்டத்துரையின் பொறுப்பு என்றது. 1912 இல் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் வைத்தியத்தையும் அவர் தலையில் வைத்தது. வெள்ளைக்காரன் அன்பினால் செய்யவில்லை, கூலி ஓடிப்போகாமலிருக்கச் செய்தான் என்பது வேறு கதை. ஆனாலும் பொறுப்பாளி யார் என்று காகிதத்தில் இருந்தது. 1977 இல் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது, 1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இன்றைக்குக் கம்பனியைக் கேட்டால் பாடசாலை அரசாங்கத்துடையது. அரசாங்கத்தைக் கேட்டால் தோட்டம் கம்பனியுடையது. இடையில் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்.

கம்பனியிடம் நாம் பாடசாலை கேட்கவில்லை. பேர் கேட்கிறோம். பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோன நாளுக்கு, ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினால், முழுப் பேர். 2021 இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக இந்த மக்கள் எவ்வளவு கத்த வேண்டியிருந்தது! 2024 இல் 1350 ஆனது. 2026 வரவு செலவுத்திட்டத்தில் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1750 என்று அறிவித்தார்கள். சம்பளம் கூடக் கூட, கிளினிக்குப் போகும் ஒவ்வொரு நாளின் இழப்பும் கூடுகிறது என்பதை மேசையின் இரு பக்கத்திலும் உட்கார்ந்தவர்கள் யோசித்தார்களா? தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இந்த ஒரு வரியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கம்பனிக்கு இது கட்டுப்படியாகாது என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

வழி தெரியாத இடத்தில் நாம் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்ற ஊரில், கழுத்துக்குக் கீழே அசைவில்லாத எஸ். ராமகிருஷ்ணன் 1981 இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. நிபுணர் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்து, தாய்க்கும் சொல்லிக்கொடுத்து, முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிய, தூரத்திலிருக்கும் நிபுணர் அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறார். நமக்கு ஆய்க்குடி வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. அங்கே பிள்ளைகளைப் பெயர் பெயராகத் தெரிந்த ஒருவர், அந்தப் பிள்ளைகளின் மொழியிலேயே பேசுகிற ஒருவர், நாள் முழுக்க இருக்கிறார். அவருக்கு ஆறு மாதப் பயிற்சியும் அதற்கேற்ற சம்பளமும் கொடுப்பது சந்திரனுக்கு ஆள் அனுப்புகிற காரியமா?

ஆனால் பயிற்சிக்கு முன்னால் கெடு வேண்டும். மருத்துவமாது கேள்விக்குறி போட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் காதும் கண்ணும் பார்த்தாக வேண்டும். ஆறு மாதத்துக்குள், பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவரின் முன்னிலையில் முழுப் பரிசோதனை நடந்தாக வேண்டும். நிபுணர் பதுளையில் இல்லையென்றால் அவர் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரட்டும். ஜீப் அவரிடம் இருக்கிறது, தாயிடம் இல்லை. பாடசாலை உதவி, பிள்ளை சேர்ந்த நாளிலேயே தொடங்க வேண்டும், றிப்போட் பின்னால் வரட்டும். கெடு தவறினால் ஏன் தவறியது என்று தமிழில் எழுதி, பெயர் போட்டு, கையொப்பமிட்டுத் தாயின் கையில் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. அதனாலேயே இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும் என்று எதிர்பார்க்கிறோம்.

யாரிடம் கேட்பது? ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். அதன் காலம் 2019 இல் முடிந்தது. அதன்பின் ஆளுநர்தான் எல்லாம். மாகாணப் பாடசாலைகளைப் பற்றிக் கேள்வி கேட்க மக்கள் தேர்ந்த ஒரு மாகாண உறுப்பினர்கூட இல்லாத காலத்தில் அந்தப் பிள்ளை பிறந்து, ஆறு வயதையும் தாண்டிவிட்டான். ஆகவே ஆளுநரைக் கேட்கிறோம். கல்வி அமைச்சைத் தன்னிடமே வைத்திருக்கும் பிரதமர் ஹரிணி அமரசூரியவைக் கேட்கிறோம். பிள்ளைகள் நலனில் அவர் அரசியலுக்கு வருமுன்பே வேலை செய்தவர், நாம் விளக்க வேண்டியதில்லை. பெருந்தோட்ட அமைச்சர் சமந்த வித்யாரத்ன பதுளை மாவட்டக்காரர். கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமிவேலும் இதே மாவட்டத்து மலையக மக்களின் வாக்கைக் கேட்டுப் பாராளுமன்றம் போனவர்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் வாய்த்தது ஊவாவுக்கு அடிக்கடி கிடைக்கிற யோகமல்ல.

பத்திரிகைக்காரர்களான நம்மையும் இந்தக் கூண்டில் ஏற்ற வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் தோட்டத்துப் பிள்ளைகளின் படங்களைப் பக்கம் பக்கமாகப் போடுகிறோம். லயத்திலிருந்து சாதித்தார் என்று தலைப்பும் போடுகிறோம். போடத்தான் வேண்டும், அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனால் கடைசி வாங்கிலிருந்தவனைப் பற்றி இந்தப் பத்தியில் கடைசியாக எப்போது எழுதினோம் என்று பழைய இதழ்களைப் புரட்டினோம். புரட்டிய கை வலித்ததுதான் மிச்சம்.

அந்தத் தாய்க்கு அடுத்த திகதி ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கச்சான் காற்று வீசும் காலம், ஊவாத் தேயிலை கொழும்பு ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும் காலம். காகிதங்களைப் பழையபடி பையில் அடுக்கிக்கொண்டே சொன்னார், கங்காணியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டாராம்: "அன்னைக்கு எனக்குப் பேர் போட வேணாங்கண்ணே."